ஆமையின் விடுதலை

ஆசானைவிடச் சீடருக்கு இருபது வயது அதிகம். சீடரின் பெயர் துரைக்கண்ணு. ஆலை வாசல்களில் பேசிப் பேசித் தலை நரைத்தவர். சங்கம் இரண்டாக உடைந்து, இரண்டு பக்கமும் அவரை வேண்டாம் என்று சொன்ன பிறகு, மலையடிவாரத்தில் இருந்த ஆசானின் குடிலுக்கு வந்து சேர்ந்தார்.

"என்னைத் தோழர்னுதான் கூப்பிடணும்," என்றார் வந்த அன்றே.

"கூப்பிட்டாப் போச்சு," என்றார் ஆசான்.

மலைமேல் தேயிலை பறிக்கப் போகிறவர்கள் பகலில் தங்கள் பிள்ளைகளைக் குடிலில் விட்டுப் போவார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்படி துரைக்கண்ணுவிடம் ஆசான் கேட்டார்.

"கதையா? எனக்குக் கூட்டத்துல பேசத்தான் தெரியும்."

"அதுங்களுக்கு எதையும் கேட்கத் தெரியும். தொடங்குங்க."

துரைக்கண்ணு தொடங்கினார். ஒரு குளத்தில் ஓர் ஆமை இருந்தது. பிறந்தது முதல் அதன் முதுகில் பாரம். முயல் அதைப் பார்த்துச் சிரித்தது. தவளையும் சிரித்தது. ஒருநாள் ஆமை கேட்டது: இந்த ஓட்டை என் முதுகில் ஏற்றியவன் யார்? யாரும் பதில் சொல்லவில்லை. ஆமை ஓட்டைக் கழற்றி எறிந்தது. எறிந்த கையோடு ஓடியது. முயலைத் தாண்டி ஓடியது. மலையைத் தாண்டி ஓடியது.

"இப்ப எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க. ஓட்டை என்ன பண்ணணும்?"

"கழட்டு, கழட்டு," என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

நெடுங்காலத்துக்குப் பிறகு ஒரு கூட்டம் அவருக்குக் கை தட்டியது. மறுநாளும் அதே கதையைச் சொன்னார்.

"கதை எப்படி இருந்துச்சு ஆசானே?"

"முழக்கம் நல்லா இருந்துச்சு, தோழர்."

அதைப் பாராட்டு என்றே துரைக்கண்ணு எடுத்துக்கொண்டார்.

பிள்ளைகளில் பவுனு என்று ஒருத்தி. ஏழு வயது. அதிகம் பேசமாட்டாள், கோஷம் போடும்போதும் உதடு மட்டும்தான் அசையும். சில நாள் கழித்து அவள் பாவாடையை மடித்துப் பிடித்தபடி துரைக்கண்ணுவிடம் வந்தாள். மடியில் ஒரு குளத்து ஆமை. அதன் ஓடு துண்டு துண்டாகக் கிடந்தது.

"தாத்தா, அதுக்குத் தானாக் கழட்டத் தெரியல. நான்தான் கல்லால தட்டிக் கழட்டி விட்டேன். ஏன் ஓட மாட்டேங்குது?"

துரைக்கண்ணு ஆமையை வாங்கிக்கொண்டார். குடிலுக்குப் பின்னால் போய்க் குழி தோண்டிப் புதைத்தார். பவுனு தள்ளி நின்று பார்த்தாள்.

அதன் பிறகு அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் மதியம், மொச்சை உரித்துக்கொண்டிருந்த ஆசானிடம் துரைக்கண்ணு வந்தார்.

"பவுனு பட்டினி கிடக்குறா, ஆசானே. அவளுக்கு ஒரு கதை சொல்லித் தேத்தணும். அந்த ஆமை வானத்துக்குப் போயி மேகமாயிடுச்சுன்னு சொல்லட்டுமா?"

"ஆயிடுச்சா?"

துரைக்கண்ணுவுக்கு முகம் சிவந்தது.

"என் கதையில தப்பில்ல. அது உவமை. ஓடுன்னா அடிமைத்தனம். சுமையை இறக்கு, நிமிர்ந்து நில்லுன்னு சொன்னது தப்பா? வாழ்நாள் பூரா அதைத்தான் சொன்னேன். அடிவாங்கிக்கிட்டே சொன்னேன். ஜெயில்ல இருந்துக்கிட்டே சொன்னேன்."

"தப்பில்ல."

"அப்ப என்னதான் சொல்றீங்க?"

ஆசான் மலைப்பாதையைப் பார்த்தார். பவுனுவின் தாய் வீரம்மா இறங்கி வந்துகொண்டிருந்தாள். தலையில் விறகுக்கட்டு, முதுகில் துணியால் கட்டிய கைக்குழந்தை.

"தோழர், அந்த அம்மா மேல ரெண்டு பாரம் இருக்கு. போய் இறக்கி வைங்க."

துரைக்கண்ணு போனார். விறகுக்கட்டை இரண்டு கைகளாலும் வாங்கிச் சுவரோரம் சாத்தினார். வீரம்மா கழுத்தை நீவிக்கொண்டு மகளைத் தேடிப் போனாள். அவர் திரும்பி வந்தார்.

"ரெண்டுன்னு சொன்னேனே," என்றார் ஆசான்.

"இன்னொண்ணு பிள்ளை. தூங்குது. அதைப் போயி இறக்குவாங்களா?"

"அதுவும் கனம்தானே."

"எது சுமை, எது பிள்ளைன்னு பார்த்தாத் தெரியாதா, ஆசானே?"

சொல்லி முடித்த பிறகு துரைக்கண்ணு அசையவில்லை. ஆசான் இன்னும் கொஞ்சம் மொச்சையை அள்ளி முறத்தில் போட்டார்.

"புதைக்கிறப்பதான் வாழ்க்கையில முதல் தடவையா ஒரு ஆமையைச் சரியாப் பார்த்தேன்," என்றார் துரைக்கண்ணு. "ஓடு உள்பக்கம் முதுகெலும்போட ஒண்ணா இருந்துச்சு. நான் என்னமோ சட்டை மாதிரின்னு நினைச்சிருந்தேன். மேடைக்கு ஒரு பிராணி தேவைப்பட்டுச்சு, எடுத்துக்கிட்டேன்."

ஆசான் அடுத்த மொச்சையை உரித்தார்.

"கதை சொன்ன அன்னைக்கே நீங்க தடுத்திருக்கலாம்."

"தடுத்திருக்கலாம்," என்றார் ஆசான். "எனக்கும் நேத்துலேருந்து சோறு இறங்கல."

"இப்ப அவகிட்ட நான் என்ன சொல்ல?"

"அவ உங்ககிட்ட ஒண்ணு கேட்டா. அதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல."

துரைக்கண்ணு குளத்தங்கரைக்குப் போனார். பவுனு தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வீரம்மா சோற்றுத் தட்டோடு இருந்தாள். துரைக்கண்ணு தரையில் உட்கார்ந்தார்.

"பவுனு, அந்த ஓடு கழட்டுற பொருள் இல்லம்மா. அதுதான் ஆமையோட முதுகெலும்பு. அது உடைஞ்சா ஆமை செத்துப்போகும். அதான் ஓடல."

"கதையில கழட்டுச்சே."

"கதை பொய். எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன்."

"வலிச்சிருக்குமா?"

"வலிச்சிருக்கும்."

"திரும்ப ஒட்ட முடியாதா?"

"முடியாது."

பவுனு அழுதாள். சத்தமில்லாமல் வெகுநேரம் அழுதாள். வீரம்மா சோற்றைப் பிசைந்து ஒரு வாய் நீட்டினாள். பவுனு வாயைத் திறந்தாள்.

துரைக்கண்ணு குடிலுக்குத் திரும்பியபோது அவர் நடையில் கொஞ்சம் பழைய தெம்பு வந்திருந்தது.

"தப்பு என்னோடதுன்னு ஒத்துக்கிட்டேன், ஆசானே. மறைக்கல. பிள்ளை சாப்பிட ஆரம்பிச்சுட்டா. இனி சரியாயிடும்."

"தானா எடுத்துச் சாப்பிட்டாளா?"

"இல்ல. அவ அம்மா ஊட்டிவிட்டுச்சு."

"வலது கையை எங்க வச்சிருந்தா, தோழர்?"

துரைக்கண்ணு யோசித்தார். அழுதபோதும் அவள் கண்ணைத் துடைக்கவில்லை. அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

கல்லைப் பிடித்த கை அது.