மினுக்கி விட்ட சொட்டு

காட்டுக் குளத்தின் கரையில் ஒரு சப்பட்டைப் பாறை இருந்தது. சுற்றிலும் வளை தோண்டிக் குடியிருந்த சுண்டெலிகளுக்குக் கடிதம், செய்தித்தாள், தண்டோரா எல்லாம் அந்தப் பாறைதான். சொல்ல வேண்டியதை ஒரு சொட்டு விட்டுச் சொல்லிவிட்டுப் போவார்கள். என்ன சொட்டு என்று கேட்காதீர்கள். எலி என்ன, பேனாவா வைத்திருக்கும்? பின்னால் வருகிறவர் முகர்ந்தால் போதும். யார் எழுதினார், என்ன எழுதினார், எவ்வளவு கோபத்தில் எழுதினார் என்று மூக்குக்குத் தெரிந்துவிடும்.

பெரியவர்கள், 'கிழக்கே புல்லரிசி விளைந்திருக்கிறது', 'கீரி நடமாட்டம், ஜாக்கிரதை' என்று எழுதுவார்கள். இளவட்டங்கள் பாறையின் மேற்கு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். யாருக்குக் காது பெரிது, யார் யாரோடு பேசுவதில்லை, இதுதான் அங்கே செய்தி.

அந்த ஓரத்துக்கு ராணி மினுக்கி. அவளுக்குப் பளபளவென்று ரோமம், கத்தி மாதிரி நாக்கு. அவள் எழுதியது பிடித்திருந்தால் மற்றவர்கள் பக்கத்தில் ஆளுக்கொரு சொட்டு வைக்க வேண்டும். பிடிக்காவிட்டாலும் வைக்க வேண்டும். வைக்காதவர் பெயர் மறுநாள் பாறையில் வரும்!

ஒரு நாள் காலை, செம்பி என்ற எலி பாதி வாலோடு ஓடி வந்தாள். மீதி வால் சாரைப்பாம்பின் வயிற்றில் இருந்தது.

"இனிமே யாரும் இதுல எழுதாதீங்க!" என்று பாறைமேல் நின்று கத்தினாள். "சாரை இதை வாசிக்குது! நாக்கை நீட்டி நீட்டி ஒரு சொட்டு விடாம வாசிச்சுட்டு, என் காலடி வாசனையைப் பிடிச்சுக்கிட்டே வளை வரைக்கும் வந்துடுச்சு!"

மினுக்கிக்குச் சுருக்கென்றது. பாம்பை நினைத்து அல்ல. விடியற்காலையில் எழுந்து அவள் அருமையாக ஒரு கிண்டல் எழுதி வைத்திருந்தாள். அதை விட்டுவிட்டு எல்லோரும் இந்தச் செம்பியின் வாலையே பார்க்கிறார்களே!

"நாம எழுதுறதைப் படிக்கப் பாம்பு வரிசையில நிக்குதாம்!" என்றாள்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. செம்பி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனாள். அவள் போனதும் மினுக்கி ஒரு சொட்டு விட்டாள்: 'அரைவாலிக்கு அறிவும் அரை.'

மத்தியானத்துக்குள் பக்கத்தில் பதினொரு சொட்டு சேர்ந்துவிட்டது. பன்னிரண்டாவது ஆளான பொரி மட்டும் தயங்கினாள். அவளும் செம்பியும் பால்குடி நாளிலிருந்தே சேர்ந்து விளையாடியவர்கள்.

"பாவம்டி, அவளே வலியில இருக்கா."

"சரி, வைக்காதே. உன் காதைப் பத்தி எழுதியும் ரொம்ப நாளாச்சு!"

பொரி வைத்துவிட்டாள். சின்னதாகத்தான் வைத்தாள். ஆனால் அந்தச் சின்னச் சொட்டும் நாறத்தான் செய்தது.

அதோடு விட்டார்களா? 'அரைவாலி நடந்தால் கோணல்.' 'அரைவாலியோடு பேசினால் உங்கள் வாலும் போகும்.' தினம் ஒன்று. செம்பி இரை பொறுக்க வந்தால் எல்லோரும் எழுந்து அந்தப் பக்கம் போனார்கள். அவள் ஒரு நாள் ஈர மண்ணை அள்ளி வந்து பாறையைத் தேய் தேய் என்று தேய்த்தாள். நாற்றம் போகவில்லை. இதைவிடக் கொடுமை ஒன்று உண்டா? கடைசியில் அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அக்கரைக்கே குடிபோய்விட்டாள்.

மினுக்கிக்கு இப்போது கொண்டாட்டம்தான். ஆனால் நிம்மதி இல்லை. அவள் எழுதுவது ஒரு தடவை. எத்தனை சொட்டு சேர்ந்திருக்கிறது என்று பார்க்கப் போவது நாற்பது தடவை!

"தின்னுட்டுப் போடி!" என்று அம்மா கத்துவாள்.

"இதோ, ஒரே நிமிஷம்மா!"

ஈரக் காலோடு போவாள், ஈரக் காலோடு வருவாள். பாறையிலிருந்து அவள் வளை வரைக்கும் புல்லெல்லாம் படிந்து தடம் விழுந்துவிட்டது.

சாரை எதுவும் எழுதவில்லை. யாரோடும் வம்புக்குப் போகவில்லை. எலிகள் தூங்கும் உச்சி வெயிலில் வந்து, மேலிருந்து கீழாக ஒழுங்காக வாசித்துவிட்டுப் போகும். அவ்வளவுதான்.

ஒரு நாள் உச்சிப் பொழுதில் மினுக்கியின் வளை வாசல் இருண்டது. காலையில் இரை தேடப் போன அம்மா இன்னும் திரும்பவில்லை.

"மினுக்கி வீடு இதுதானேம்மா?"

"யாரு?"

"உன் எழுத்துக்கு ரசிகன்! ஒண்ணு விடாம வாசிக்கிறேன்."

மினுக்கிக்கு ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது. அதற்குள் பிளந்த நாக்கு உள்ளே நீண்டது.

"எ... என் வீடு உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் எங்கே தேடினேன்? ஒரு நாளைக்கு நாற்பது தடவை நீயே வழி போட்டு வெச்சிருக்கியே! மத்தவங்க வீட்டுக்கு ஒத்தையடிப் பாதை. உன் வீட்டுக்கு ராஜபாட்டை!"

மினுக்கி பின்வாசல் வழியாகப் பாய்ந்தாள். உயிர் தப்பியது. பாதி வால் தப்பவில்லை.

மறுநாள் காலை நொண்டி நொண்டிப் பாறைக்கு வந்தாள். 'சாரை வாசிக்கிறது, எழுதாதீர்கள்' என்று எல்லோரையும் எச்சரிக்கத்தான் வந்தாள். ஆனால் பழக்கம் விடுமா? முதலில் முகர்ந்து பார்த்தாள். பாறையில் புதிதாக ஒரு சொட்டு: 'புது அரைவாலி வந்தாச்சு! பழசைவிட இதுக்குத்தான் வால் குட்டை!'

அது பொரியின் வாசனை. பக்கத்தில் அதற்குள் பதினொரு சொட்டு.

"சத்தியமா சொல்றேன், சாரை வாசிக்குது!" என்று மினுக்கி அழுதாள்.

"ஆமாமா, வரிசையில நிக்குது!" என்றாள் பொரி. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அக்கரையில் செம்பி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மினுக்கி கரையோரம் ஓடினாள்.

"செம்பி! நீயும் சொட்டு வெச்சியா?"

"நான் அந்தப் பாறையை மோந்தே பத்து நாளாச்சு," என்றாள் செம்பி. "வாலுக்குச் செம்மண் பூசு. ரத்தம் நிக்கும்." தண்ணீர் குடித்து முடித்துவிட்டுப் போய்விட்டாள்.

வெயில் ஏறியது. தூக்கத்தைக்கூட மறந்து பன்னிரண்டு பேரும் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். சாரை புல்லுக்குள் இருந்து நாக்கை நீட்டியது.

நீதி: அடுத்தவரை அவமானப்படுத்த ஊர் நடுவில் எழுதி வைப்பவர், அதைத் தேடி வரும் தீமைக்குத் தம் வீட்டு வழியையும் சேர்த்தே எழுதி வைக்கிறார்.