தண்ணீர் வேண்டுமா, வேண்டாமா?

ஒரு காலத்தில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நாலு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. அதில் மனிதர்களும் குடியிருந்தார்கள். அவர்களை விட்டுவிடுவோம். திருகுவதையும் மூடுவதையும் தவிர இந்தக் கதையில் அவர்களுக்கு வேலை இல்லை. இது அந்தக் கட்டடத்துக் குழாய்களின் கதை.

குழாய்கள் மொத்தம் தொண்ணூற்றாறு. அது போக, கொல்லைப்புறத்தில் கிணற்றை ஒட்டி இன்னொன்று இருந்தது. துணி தேய்க்கிறவர், குப்பை வண்டிக்காரர்கள், காக்காய்கள் என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் அதில்தான் தண்ணீர் குடிப்பார்கள். எந்த வீட்டுக்கும் சொந்தமில்லை என்பதால் அந்தக் கொல்லைக் குழாயை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை.

மொட்டை மாடியில் கன்னங்கரேலென்று ஒரு தொட்டி உட்கார்ந்திருந்தது. அவர்தான் தலைவர். தானாக ஏறி உட்கார்ந்தவர் அல்ல. வருஷா வருஷம் தொண்ணூற்றாறு குழாய்களும் ஓட்டுப் போட்டு உட்கார வைத்தவர். உயரத்தில் இருக்கிறவருக்கு நாலும் தெரியும் என்று குழாய்களுக்கு ஒரு நம்பிக்கை.

தலைவர் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொளுத்துகிற வெயிலில் நின்றுகொண்டு, விடியும்போதே எல்லோருக்கும் தண்ணீரை இறக்கிவிடுவார். அவரிடம் ஒரே ஒரு குறைதான். யாராவது முகம் சுளித்தால் மனிதருக்குத் தாங்காது. மனிதர் என்றா சொன்னேன்? சரி, தொட்டிக்குத் தாங்காது.

அந்த வருஷம் சித்திரை போட்டு வறுத்தெடுத்தது. மோட்டார் நாள் முழுக்க இழுத்தது. கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. நாலாம் மாடி ஷவர் ஒருநாள் காலையில் காற்றைத் துப்பிவிட்டுக் கத்த ஆரம்பித்தது.

"என்ன தலைவரே இது? அரை மணி நேரம் கொட்டித் தீர்க்கிறவன் நான். இன்னிக்கு வெறும் புஸ்ஸுன்னு போச்சு. மானமே போச்சு!"

அன்றே தலைவர் ஒரு முடிவெடுத்தார். "யாரும் கவலைப்படாதீங்க. வெள்ளிக்கிழமை போர்வெல் லாரி வருது. அறுநூறு அடி இறக்கிடுவோம். தோண்டுற மண்ணைக் கிணத்துல கொட்டி மூடிட்டா, அந்த இடத்துல ரெண்டு காரும் நிறுத்திக்கலாம்."

கொல்லைக் குழாய் உடனே குறுக்கே பேசியது. அது பிறந்ததிலிருந்து கிணற்றின் பக்கத்திலேயே நின்ற குழாய்.

"தலைவரே, கிணத்தை மூடுறது என்ன, வாளியைக் கவுத்து வைக்கிற மாதிரியா? மூடினா மூடினதுதான். இவ்வளவு பெரிய விஷயத்தை எல்லாரையும் ஒரு வார்த்தை கேக்காம நீங்களே முடிவு பண்ணலாமா?"

"அப்புறம் என்னை எதுக்கு இங்க ஏத்தி வச்சிருக்காங்க?" என்றார் தலைவர். "குழாய்ங்களுக்கு என்னப்பா தெரியும்? திருகினா வரும், மூடினா நிக்கும். ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணுக்கு வெந்நீர் வேணும், இன்னொண்ணுக்கு ஐஸ் தண்ணி வேணும். பத்து நாள் பேசியே போயிடும். நாளைக்குத் தண்ணி இல்லைன்னா திட்டு வாங்கப்போறது நீயா, நானா?"

"நியாயம்தான். ஆனா கிணறு போச்சுன்னா நீங்களே வாயால ஊதித் தண்ணி வரவழைப்பீங்களா?"

இந்தப் பேச்சு குழாய் வழியாக எல்லா மாடிக்கும் போய்விட்டது. "ஆமாம், எங்களையும் கேக்கட்டுமே!" என்று ஆளாளுக்குக் குரல் கொடுத்தன. தலைவர் யோசித்தார். கேட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது? கேள்வி அவருடையதுதானே.

மறுநாள் மத்தியானம் ஓட்டெடுப்பு நடந்தது. தலைவர் மேலேயிருந்து உரக்கக் கேட்டார்.

"உங்களுக்கெல்லாம் நிறையத் தண்ணீர் வேண்டுமா, வேண்டாமா?"

வேண்டாம் என்று எந்தக் குழாய் சொல்லும்? தொண்ணூற்று நாலு குழாய்கள் "வேணும்! வேணும்!" என்றன. மிச்சம் இரண்டும் வெளிநாடு போனவர்களின் பூட்டிய வீட்டில் துருப்பிடித்துக் கிடந்தவை. அவை வாயே திறக்கவில்லை.

"பாத்தியாப்பா?" என்றார் தலைவர், கொல்லைக் குழாயைப் பார்த்து. "நான் ஒருத்தனா எடுத்த முடிவு, இப்ப ஊரே எடுத்த முடிவு. திருப்திதானே?"

கொல்லைக் குழாய்க்கு அழுகையாக வந்தது. கிணற்றின் முகத்தில் விழிக்கவே அதற்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கிணத்தக்கா, உண்மையைச் சொல்லு. நிஜமாவே உன்கிட்ட தண்ணி தீந்து போச்சா?"

கிணறு எப்போதுமே சுள்ளென்று பேசும். "எவன் சொன்னான் தீந்து போச்சுன்னு? என் அடியில ரெண்டு ஊத்து இருக்கு, ரெண்டும் நல்ல தண்ணி. காலையில ரெண்டு மணி நேரம் இறைச்சுக்கோ. அப்புறம் என்னைச் சும்மா விடு, ஊறட்டும். சாயங்காலம் இன்னொரு ரெண்டு மணி நேரம் எடுத்துக்கோ. எந்தக் கோடையிலயும் நான் கைவிட மாட்டேன். அதை விட்டுட்டு நாள் முழுக்க உறிஞ்சினா எனக்கும் மூச்சு வாங்காதா? இதை இந்த மோட்டார்கிட்ட சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலிக்குது."

"மோட்டாரண்ணே, அக்கா சொல்றது நிஜமா?"

மோட்டார் கொஞ்சம் உறுமிவிட்டுச் சொன்னது: "என்னை ஏம்ப்பா இழுக்கிற? எனக்குச் சுவிட்சைப் போட்டா ஓடணும், அவ்வளவுதான். ஆனா தலைவர்கிட்ட மூணு தடவை சொல்லியிருக்கேன். 'பாத்துக்கலாம், பாத்துக்கலாம்'னுதான் சொன்னாரு."

இதைக் கேட்டதும் கொல்லைக் குழாய்க்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! வியாழக்கிழமை காலை தண்ணீர் இறங்குகிற நேரமாகப் பார்த்து, தொண்ணூற்றாறு பேரும் கேட்கும்படி அது கத்தியது.

"கேட்டுக்கோங்க! கிணத்துல தண்ணி தீரலை! வேளைக்கு ரெண்டு மணி நேரம் எடுத்தா எப்பவும் இருக்கும். இது தலைவருக்கு முன்னாடியே தெரியும்! தெரிஞ்சும் நம்மகிட்ட சொல்லலை!"

கட்டடமே அதிர்ந்து போனது. "தலைவரே, நிஜமா?" என்று முதலில் கேட்டது, அன்றைக்குக் கத்திய அதே ஷவர்தான்.

தலைவர் மறுக்கவில்லை. குரல் மட்டும் இறங்கி வந்தது.

"நிஜம்தான். சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? ஒருநாள் காத்து வந்ததுக்கே கட்டடத்தைத் தலைகீழாக் கவுத்தீங்க. நாளெல்லாம் வந்த தண்ணி இனிமே நாலு மணி நேரம்தான்னு சொன்னா, அடுத்த வருஷம் என்னை யாரு இங்க உக்கார வைப்பாங்க? எனக்குப் பயமா இருந்தது. அதான் சொல்லலை."

அப்போது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கரகரத்த குரல் கேட்டது. பக்கத்துக் கட்டடத்துக் குழாய் அது. அதன் வாயைச் சுற்றிலும் உப்பு வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது.

"நடுவுல பேசுறேன்னு தப்பா நினைக்காதீங்க. எங்க தலைவரும் போன வருஷம் இதே மாதிரிதான் கேட்டாரு. நாங்களும் 'வேணும் வேணும்'னு குதிச்சோம். அறுநூறு அடி போட்டாங்க. ரெண்டு மாசம் நல்ல தண்ணி. அப்புறம் கடல் தண்ணி உள்ள வந்து ஒரே உப்பு. இப்ப என் வாயைப் பாருங்க, பாதி அடைச்சுக்கிச்சு. மறுபடியும் கிணத்துக்கே போயிடலாம்னு பாத்தா, அதுக்கு மேல ஒரு கார் நிக்குது."

கொல்லைக் குழாய் மேலே பார்த்துச் சொன்னது: "தலைவரே, இன்னொரு தடவை கேளுங்க. இந்தத் தடவை எதையும் மறைக்காம கேளுங்க."

"கேட்டா என்னைத் திட்டுவாங்களே."

"திட்டட்டுமே! திட்டினாத் தேஞ்சா போயிடுவீங்க?"

தலைவர் கேட்டார். ஒன்றையும் விடாமல் சொன்னார். கிணறு இருந்தால் வேளைக்கு இரண்டு மணி நேரம்தான் தண்ணீர். மற்ற நேரமெல்லாம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். போர்வெல் போட்டால் இப்போதைக்கு நாளெல்லாம் தண்ணீர். உப்பு எப்போது வரும் என்று தனக்குத் தெரியாது. கிணற்றை மூடிவிட்டால் திரும்பத் தோண்ட முடியாது.

இந்தத் தடவை யாரும் உடனே கத்தவில்லை. ஒரு முழுப் பகலும் பேச்சு நடந்தது. முதல் மாடியில் துணி துவைக்கிற மெஷினின் குழாய் ஒப்புக்கொள்ளவே இல்லை, "எனக்கு எப்ப வேணும்னாலும் தண்ணி வேணும்" என்று அடம் பிடித்தது. சண்டையும் வந்தது. இரண்டாம் மாடிச் சமையலறைக் குழாய் அழுதது. அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. பக்கத்து வீட்டுக் குழாய்கள், "எங்க குடத்துல இருந்து குடுப்போம், நீ ஏன் அழுவுற?" என்று தேற்றின. நாலாம் மாடி ஷவர் பெருமூச்சு விட்டு, "சரி, விடு. இனிமே பக்கெட் குளியல்தான்" என்றது.

சாயங்காலம் ஓட்டெடுத்தார்கள். பதினோரு குழாய்கள் போர்வெல்தான் வேண்டும் என்றன. பூட்டிய வீட்டுக் குழாய்கள் வழக்கம்போலப் பேசவில்லை. மற்ற எண்பத்து மூன்றும், கிணறு இருக்கட்டும், வாயை மூடிக்கொள்கிறோம் என்றன. பிறகு எல்லாம் சேர்ந்து, "கொல்லைக் குழாயே, நீயும் உன் ஓட்டைப் போடு" என்றன. அது வாய் நிறையத் தண்ணீரைக் கொட்டி, "கிணறு!" என்றது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் போர்வெல் லாரி வந்தது. இரும்புக் குழாய்களைச் சுமந்துகொண்டு, தெருவே குலுங்க வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது.

"தலைவரே! எங்க துளை போடணும், காட்டுங்க. மத்தியானத்துக்குள்ள முடிச்சுட்டுக் கிணத்தையும் மூடிட்டுப் போயிடறேன்."

"வேணாம்ப்பா, வண்டியைத் திருப்பு. கிணறு இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க."

"யாரு சொன்னா?"

"குழாய்ங்க."

லாரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "நல்லா இருக்கே கதை! இதையெல்லாம் போயி அவங்ககிட்டயா கேப்பாங்க? எத்தனை ஊர் பாத்திருக்கேன் நான்! எந்த ஊர்ல கேட்டாலும் தண்ணி குடுன்னுதானே சொல்லும் இந்த ஜனம்?"

"நானும் அப்படித்தான்ப்பா நினைச்சேன்" என்றார் தலைவர். "மறைச்சு வச்சுக் கேட்டப்போ தண்ணியைக் கேட்டாங்க. உள்ளதைச் சொல்லிக் கேட்டப்போ கிணத்தைக் கேட்டாங்க."