சத்துமாவில் ஈயம்

ஐம்பத்தொன்பது வயதில் சிஷ்யனாகும் யோகம் எல்லோருக்கும் வாய்க்காது. டாக்டர் சென்னியப்பனுக்கு வாய்த்தது.

முப்பது வருஷம் கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். வீட்டில் உட்கார்ந்து மனைவியின் குழம்புக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தார். "எங்காவது வேலைக்குப் போய்த்தான் தொலையுங்களேன்" என்று அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்ட பிறகு, ஈரோட்டில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வந்து சேர்ந்தார். அங்கே தலைமை பூங்கோதை. வயது நாற்பத்தொன்று. டாக்டர் பட்டமெல்லாம் கிடையாது. பதினெட்டு வருஷம் தராசின் முன்னால் நின்றவர், அவ்வளவுதான்.

அந்த மாதம் கூடத்துக்குப் புது மெஷின் வந்தது. நூறு கோடியில் ஒரு பங்கு ஈயம் இருந்தாலும் பிடித்துவிடும். கூடவே ஒரு பெட்டி நிறையப் புதுப் புத்தகங்கள். கெட்டி அட்டை, வழவழ தாள். கல்யாணப் பந்தியில் முதல் வரிசை கிடைத்தவர்போல் சென்னியப்பன் அவற்றின் முன் உட்கார்ந்துவிட்டார்.

ஆயுத பூஜையன்று பூங்கோதை ஒன்றே ஒன்று சொன்னார்.

"மெஷின் ரூமுக்குள்ள குங்குமம் வேண்டாம் சார். பூ போதும்."

மெஷினுக்குப் பூ வைத்தார்கள். சென்னியப்பனுக்கு மனசு ஆறவில்லை. புத்தகங்களை வெளியே அடுக்கி, ஒவ்வோர் அட்டைக்கும் சந்தனம் தீற்றி, சந்தையில் வாங்கிய குங்குமத்தைத் தாராளமாக வைத்தார். சரஸ்வதியிடம் கஞ்சத்தனம் காட்டலாமா?

பத்து நாள் கழித்து, ஈயம் பார்க்கச் சொல்லி முதன்முதலாக அவர் கைக்கு ஒரு பொட்டலம் வந்தது. ரங்கநாயகி என்ற பெண் வீட்டில் அரைத்து விற்கும் குழந்தைகள் சத்துமாவு. புத்தகத்தைத் தராசுப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, வரிக்கு வரி பார்த்துச் செய்தார். மூன்று தடவை மாவை நிறுத்து, ஆசிட்டில் கரைத்து, மெஷினில் விட்டார்.

மூன்று தடவையும் ஈயம். அனுமதித்த அளவைத் தாண்டி.

உடனே அந்தப் பெண்ணுக்கு ஃபோன் போட்டுச் சொல்லியும்விட்டார். பரீட்சை முடிவை முதல் ஆளாகச் சொல்லிப் பழகிய வாய்.

ஒரு மணி நேரத்தில் ரங்கநாயகி இடுப்பில் ஒன்றரை வயசுக் குழந்தையோடு வந்து நின்றாள். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்த முகம்.

"சாருங்க, இவளுக்கும் இந்த மாவத்தானுங்க ஊட்டுறேன். ஆறு மாசத்துலேர்ந்து. இப்ப எந்த டாக்டர்கிட்டங்க காட்டுறது?"

சென்னியப்பன் சட்டைப் பித்தானைத் திருகினார். "உக்காரும்மா. ரிப்போர்ட்ல தலைமை கையெழுத்துப் போடணும்" என்றார்.

உள்ளே பூங்கோதை ரிப்போர்ட்டைப் பார்த்தார். பேனாவை எடுக்கவில்லை.

"மாவு ஒண்ணுதானே சார்?"

"ஒரே பொட்டலம்."

"மூணு தடவைக்கு மூணு எண் வந்திருக்கு. ஒண்ணுக்கொண்ணு ஒட்டவே இல்லையே?"

"அதனாலதான் சராசரி எடுத்தேன். புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"பிளாங்க் ஓட்டினீங்களா?"

பிளாங்க் என்றால் வேறொன்றுமில்லை, மாவே போடாத வெறும் கரைசல். அதில் ஈயம் இல்லையென்று உறுதி செய்த பிறகுதான் மாவைப் பற்றி வாயைத் திறக்கலாம். சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. இதைப் போய் என்னிடமா?

"முப்பது பேட்ச் பசங்களுக்கு இதைச் சொல்லிக் குடுத்தவன் மேடம் நான். மெஷினோட சீல் வச்ச பாட்டில் வந்துதே, அதை ஓட்டினேன். சுத்தம். பூஜ்யம்."

"அது அந்தக் கம்பெனிக்காரரோட பிளாங்க். உங்களுது எங்கே?"

"என்னுதுன்னா?"

பூங்கோதை எழுந்து ஒரு காலிக் குப்பியை எடுத்து அவர் முன் வைத்தார்.

"காலையில செஞ்சதை அப்படியே செய்யுங்க. கையுறை, புத்தகம், கரண்டி, ஆசிட், எல்லாம். மாவு மட்டும் வேண்டாம்."

"மாவு இல்லாம கரண்டியால எதை அள்ளுறது?"

"ஒண்ணுமில்லாததை அள்ளுங்க."

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தார். கிண்டல் இல்லை.

சரி, ஆகட்டும். கையுறை போட்டார். அட்டையைத் திறந்து, புத்தகத்தை விரித்தார். ஒரு வரி படித்தார், குப்பியை எடுத்தார், பக்கம் திருப்பினார், குப்பியின் வாயைப் பிடித்து மூடியைக் கழற்றினார். இல்லாத மாவை அள்ளி இல்லாத இடத்தில் தட்டினார். மறுபடி ஒரு பக்கம். 'கைச் சுத்தம்' என்று அந்தப் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருந்தது. பயபக்தியோடு அதையும் படித்தார். பூங்கோதை கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆசிட்டில் கொதித்து ஆறுவதற்கு மத்தியானம் ஆகிவிட்டது. வெளியே குழந்தை அழுதது. ரங்கநாயகி ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்துவது கேட்டது. மாவு டப்பா பையில்தான் இருந்தது. அவள் அதைத் திறக்கவில்லை. கடையில் பன் வாங்கிப் பிய்த்துக் கொடுத்தாள்.

மெஷினில் எண் வந்தது.

ஈயம். மாவே இல்லாத குப்பியில், காலையில் வந்த அளவுக்குக் கிட்டத்தட்ட.

சென்னியப்பன் ஆசிட் பாட்டிலைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியாக, கழற்றிப் போட்ட கையுறையைப் பார்த்தார். கட்டைவிரல் நுனியில் லேசாகச் சிவப்பு.

புத்தகத்தை மூடினார். அட்டையில் பொட்டு பாதிதான் இருந்தது.

"குங்குமத்துல ஈயமா?"

"சந்தைக் குங்குமத்துல ஈயச் செந்தூரம் கலப்பாங்க சார். பளபளன்னு இருக்கும்ல."

பூங்கோதை புதுக் கையுறை போட்டுக்கொண்டார். புத்தகத்தை அறைக்கு வெளியே கொண்டுபோய் வைக்கச் சொன்னார். சாயங்காலத்துக்குள் தாமே மாவை மூன்று தடவை நிறுத்து, மூன்று தடவையும் ஓட்டினார். கூடவே ஒரு காலிக் குப்பி. இந்த முறை எண்கள் அக்கா தங்கைபோல் ஒட்டி நின்றன. எல்லாம் அளவுக்கு ரொம்பக் கீழே. மாவு சுத்தம்.

பழைய ரிப்போர்ட்டைக் குறுக்கே கோடு போட்டுக் கோப்பில் வைத்தார். புதியதில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"நீங்களே குடுங்க சார்."

சென்னியப்பன் வாங்கிக்கொண்டார். கதவு வரை போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரங்கநாயகி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அதன் நாக்கை நீட்டச் சொல்லி உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் திரும்பி வந்தார். குரல் தணிந்திருந்தது.

"மேடம், புது மெஷின்தானே. காலையில அது தப்பாக் காட்டிடுச்சுன்னு சொல்லிடட்டுமா?"

பூங்கோதை குப்பிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"மெஷின் என்ன சார் பண்ணுச்சு? ஈயம் இருக்குன்னுச்சு. இருந்துச்சு. அந்தப் பொண்ணோட மாவுலதான் இருக்குன்னு ஃபோன் போட்டது யாரு?"