அரசமரம் பேச்சை விட்டது

அந்தக் காலத்தில் மரத்துக்கும் மாட்டுக்கும் வாய் இருந்தது. ஆனால் அவை மனிதர்களைப் போல ஓயாமல் பேசிக்கொண்டிருக்கவில்லை. அரசமரம் மட்டும் அப்படியில்லை, அதற்குப் பேச்சென்றால் கொள்ளை ஆசை.

அப்போது வடக்கே ஒரு பெரிய ஆற்றின் கரையில், சுட்ட செங்கல்லாலேயே கட்டிய ஊர் ஒன்று இருந்தது. கோடு கிழித்த மாதிரி தெருக்கள், வீட்டுக்கு வீடு கிணறு, மூடி போட்ட சாக்கடை. (எங்கள் தெருவுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை, போகட்டும்.) ஊர் நடுவில் படி இறங்கிக் குளிக்கும் பெரிய குளம். ஊருக்குப் பெயர் என்ன என்று கேட்காதீர்கள். அந்த மக்கள் சின்னச் சின்ன முத்திரைக் கற்களில் செதுக்கி வைத்திருப்பதை இன்றுவரை யாரும் தீர்மானமாகப் படித்துச் சொல்லவில்லை. ஆகவே இதில் வரும் பெயர்களெல்லாம் நானே வைத்தவை. பிடிக்காவிட்டால் நீங்கள் வேறு வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கொடுப்பதானாலும், படகேறித் தூரதேசம் போவதானாலும், குளத்தில் முழுகி எழுந்து ஈரத்துணியோடு குளக்கரை அரசமரத்தின் முன்னால் போய் நிற்கவேண்டும். ஒரு தடவைதான் கேட்கலாம். மரம் சொன்னதை மீறக்கூடாது. மரத்தின் வேர் ஆற்றின் அடிமணல்வரை ஓடியிருந்தது. மலையில் மழை பெய்தால் அதற்குத்தான் முதலில் தெரியும். அது பொய் சொன்னதில்லை.

குளத்துப் படிகளைத் தேய்த்துக் கழுவும் வேலை எயினி என்பவளுடையது. படிச் செங்கல் இடுக்கில் அரசங்கன்று முளைத்துக்கொண்டே இருக்கும். விட்டால் படியைப் பிளந்துவிடும் என்று அவள் பிடுங்கிப் பிடுங்கிப் போடுவாள். "என் பிள்ளைகளை இப்படிப் பண்றியே" என்று மரம் அலுத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் ஒரு குடம் தண்ணீரை அதன் அடியில் ஊற்றிவிட்டு, அவள் ஊர்க்கதையெல்லாம் சொல்வாள். அதற்காகவே மரம் விடியும்போதே அவளை எதிர்பார்த்திருக்கும்.

அவளுடைய புருஷன் பாசிமணி விற்கப் படகேறிப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனான். மிச்சம் இருந்தது கைக்குழந்தை ஒன்றும் செவலை என்கிற காளையும்தான்.

ஒரு வருஷம் ஆறு இளைத்தது. அடுத்த வருஷம் இன்னும் இளைத்தது. துணி துவைக்கப் போன பெண்கள் முட்டளவு தண்ணீரைப் பார்த்துவிட்டு மூட்டையை அவிழ்க்காமலே திரும்பினார்கள். கிழக்கே வெகுதூரத்தில் இன்னொரு பெரிய ஆறு இருக்கிறது, காடு இருக்கிறது, போய்விடலாம் என்று பாதி ஊர் சொன்னது. பொறுத்துப் பார்க்கலாம் என்றது மீதி ஊர். எயினி வண்டிக்கு அச்சாணிகூட மாட்டிவைத்துவிட்டாள். குழந்தையை வைத்துக்கொண்டு தண்ணீரில்லாத ஊரில் இருக்க அவளுக்குத் தைரியமில்லை.

ஊர்த்தலைவர் அந்துவன் அவளைக் கூப்பிட்டு, ஊருக்காக நீயே போய்க் கேள், உன்மேல்தான் மரத்துக்குப் பிரியம் என்றார். அவள் முழுகினாள். ஈரத்துணியோடு போய் நின்றாள். பின்னால் ஊரே நின்றது.

"அரசு, ஆறு திரும்பி வருமா? நாங்க இருக்கலாமா, போகணுமா?"

மரத்துக்குப் பதில் தெரியும். மலையிலிருந்து வரும் குளிர்ச்சி அதன் வேரைத் தொட்டு வெகுநாளாகிவிட்டது. ஆறு வேறு பக்கம் திரும்பிவிட்டது, இனி வராது. ஆனால் எல்லோருடைய வண்டியும் கிளம்பிப் போவது அதன் கண்முன் வந்தது. அவர்களுக்குக் கால் இருக்கிறது, தனக்கு வேர்தான் இருக்கிறது. நாளைக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள், யார் கதை சொல்வார்கள்? மரத்துக்குப் பயம் வந்தது.

"மழைக்காலத்துல ஆறு வரும். போகவேண்டாம்" என்றது.

ஊர் மூச்சு விட்டது. எயினி அச்சாணியைக் கழற்றி வைத்தாள்.

செவலைக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. மேய்ச்சலுக்கு ஆற்றோடு மேலே போய்வந்த மாடு அது. அங்கே மணலும் மீன்முள்ளும்தான் கிடக்கின்றன என்று அது எயினியிடம் சொன்னது. மாடு சொன்னதை நம்பி மரத்தின் சொல்லை மீறுவதா என்று அவள் அதட்டினாள். செவலை அதன்பின் எதுவும் சொல்லவில்லை. அதற்கு ரோஷம் அதிகம்.

மழைக்காலம் வந்தது, மழை வரவில்லை. ஆறு மணலாயிற்று. பெரிய குளத்தில் கடைசிப் படிவரை வெயில் விழுந்தது. கிணற்றைத் தோண்டத் தோண்ட உப்புத் தண்ணீர் ஊறியது. தலைக்கு இவ்வளவு என்று நல்ல தண்ணீரை அளந்து ஊற்றினார்கள். எயினிக்குப் பால் வற்றியது. ஆனாலும் தன் பங்கில் பாதியைக் கொண்டுபோய் மரத்தடியில் ஊற்றுவதை அவள் விடவில்லை. ஆறு வரும்போது சொல்ல மரம் உயிரோடு இருக்கவேண்டும் அல்லவா.

ஒருநாள் மத்தியானம் காற்று துளியும் அசையவில்லை. எயினி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். குடத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. குழந்தை அழுதது. அழுகை என்றால் சத்தமில்லை, உதடு மட்டும் துடித்தது. அவள் குடத்தைச் சாய்க்கப் போனாள்.

"ஊத்தாதே, எயினி" என்றது மரம். "அதைப் பிள்ளைக்குக் குடு. நான் சொன்னது பொய். ஆறு வராது."

அவள் குடத்தை நிமிர்த்தினாள். முதலில் கையால் அள்ளிக் குழந்தைக்குப் புகட்டினாள். அது குடித்து முடித்ததும் வாயைத் துடைத்துவிட்டாள். பிறகுதான் ஏன் என்று கேட்டாள்.

"நீங்க போயிட்டா நான் தனியா நிக்கணும்" என்றது மரம்.

எயினிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடிக்கலாமென்றால் அது மரம். விட்டுப் போகலாமென்றால் கால் நகரவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். விஷயம் கேள்விப்பட்டு ஒவ்வொருவராக வந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் அவர்களும் அவள் பின்னால் நடந்தார்கள். சுற்றச் சுற்ற அவள் நடை தணிந்தது. அழுகை வந்தது, அதுவும் நின்றது. அந்துவன் கோடரியோடு வந்து நின்றார்.

"வேண்டாண்ணே. நம்ம கிளம்பற வழியப் பாப்போம்" என்றாள் எயினி.

அவள் காய்ந்த குளத்தில் இறங்கினாள். படி இடுக்கில், பிடுங்க மனமில்லாமல் அவள் விட்டுவைத்த ஒரு கன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் செங்கல்லோடு பெயர்த்து எடுத்து மரத்திடம் வந்து காட்டினாள்.

"உன்னைத் தனியா விட்டுட்டுப் போறேன். நீ செஞ்சதுக்கு அது போதும். உன் பிள்ளைய நான் தனியா விடமாட்டேன். ஆனா இது பேசக்கூடாது. இனி யாரும் இதுகிட்ட கேட்டு, இது சொல்லி, ஒரு பிள்ளைக்கும் நாக்கு வறளக்கூடாது."

"பேசாது" என்றது மரம். அதுதான் அது கடைசியாகச் சொன்ன சொல்.

செவலை வண்டியை இழுத்தது. நான் அப்போதே சொன்னேனே என்று அது ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. அந்தப் பெருந்தன்மை எனக்கு வராது. வழியில் கிடைத்த தண்ணீரையெல்லாம் குழந்தையும் காளையும் கன்றும் பங்கு போட்டுக்கொண்டன.

கிழக்கே பெரிய ஆறு நிஜமாகவே இருந்தது. அதன் கரையில் எயினி கன்றை நட்டாள். பக்கத்திலேயே ஒரு வேப்பங்கன்றையும் நட்டுவிட்டுத்தான் எழுந்தாள். அரசு வளர்ந்தது. ஒரு மத்தியானம், காற்றே இல்லாத வேளையில், அதன் இலைகள் துடித்தன. பேசப்போகிறதோ என்று அவள் காதைக் கொடுத்துக் கேட்டாள். சத்தமே இல்லை. குளக்கரையில் தன் குழந்தையின் உதடு துடித்தது அவளுக்கு நினைவு வந்தது. அந்தக் குழந்தை இப்போது ஆற்றில் குதித்துக் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் போய் ஒரு குடம் தண்ணீர் மொண்டு வந்து மரத்தடியில் ஊற்றினாள். பழைய கோபம் அன்றைக்குத்தான் முழுசாகப் போயிற்று.

பழக்கதோஷத்தில் ஜனங்கள் அந்த மரத்திடமும் கேட்க வந்தார்கள். பதில் வரவில்லை. சிலர், அன்று எயினியின் பின்னால் நடந்தது போலச் சுற்றி நடந்தார்கள். நடக்க நடக்க மனசு ஆறியது. வேறு சிலர் பதில் வரட்டும் என்று அடியில் உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து, மரத்திடம் கேட்க வந்ததற்குத் தங்களுக்குள்ளேயே பதில் கிடைத்ததும் எழுந்து போனார்கள். சுற்றியவர்களின் பேரப்பிள்ளைகள் மரத்தடியில் கல் நட்டு மஞ்சள் பூசினார்கள், பிறகு கோயில் கட்டினார்கள். உட்கார்ந்தவர்களின் வழியில் வந்தவர்கள் தலையை மழித்துக் காவி கட்டி, பக்கத்தில் துறவிகள் தங்கும் விகாரம் எழுப்பினார்கள். மரம் யாருடையது என்று நடுநடுவே இரண்டு பேருக்கும் வாக்குவாதம் வரும். மரத்துக்கு விடை தெரியும், அது சொல்லவில்லை.

அன்று முதல்தான் காற்று அசையாத மத்தியானத்திலும் அரச இலை துடிக்கிறது; நாமும் அதனிடம் எதையும் கேட்காமல், அடியில் தண்ணீர் ஊற்றிவிட்டு, சுற்றுகிறோம் அல்லது உட்காருகிறோம்; அரசை நடுகிற இடத்தில் துணைக்கு ஒரு வேம்பையும் மறக்காமல் நட்டுவைக்கிறோம்.