காற்றில் பிறந்த இலைகள்

"அம்மா, என் செடி சாகுது."

குணவதி மடத்தின் வாசலிலேயே நின்று சொன்னாள். உள்ளே வரவில்லை.

மடத்து அம்மா வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். நாற்பது வயதுகூட இருக்காது. குணவதியைவிடச் சின்னவர். ஆனாலும் எல்லாருக்கும் அவர் அம்மாதான். அவர் குணவதியை அக்கா என்பார்.

"என்ன போட்டீங்க அக்கா?"

"எல்லாம் போட்டேன்."

அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கூடத்துக்குக் கூட்டிப்போனார்.

அந்த மடத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு மந்திரம் சொல்லித் தருவதில்லை. ஒரு கண்ணாடித் தொட்டி, கொஞ்சம் ஆற்று மணல், ஒரு நீர்ச்செடி, இரண்டு கப்பி மீன், சின்னப் புட்டியில் உரம். அவ்வளவுதான் உபதேசம். கூடத்தின் சுவரோரம் தொட்டிகள் வரிசையாக இருக்கும். எப்படி இருக்கிறீர்கள் என்று அம்மா யாரையும் கேட்பதில்லை. தொட்டிகளைப் பார்த்துக்கொண்டே நடந்து போவார்.

குணவதியின் தொட்டி பச்சைக் கஞ்சி மாதிரி இருந்தது. கிட்டே போனால் நாறியது.

"உரம் எவ்வளவு?"

"வாரத்துக்கு ஒரு மூடின்னு சொன்னீங்க. அப்படித்தான் விட்டேன். இலை ஓரம் கருத்துது. பத்தலைன்னு தினமும் விட்டேன்."

"அப்புறம்?"

"வீட்ல ரோஜாவுக்குப் போடற உரம் இருந்தது."

"அப்புறம்?"



பக்கத்துத் தொட்டிக்காரர் பாண்டுரங்கன் பதில் சொன்னார். பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் சத்தமாகத்தான் சொல்வார்.

"அபிஷேகப் பால் அம்மா. நேத்து சோமவாரம் இல்லையா? பிரசாதமா வந்ததை ஒரு டம்ளர் ஊத்தினாங்க. மேலே ஒரு சிட்டிகை விபூதி வேற. அடுத்து பஞ்சாமிர்தம்னு நினைக்கிறேன்."

"உங்க வாயில ஊத்தியிருக்கணும்."

"ஊத்தியிருந்தா நான் செழிப்பா இருந்திருப்பேன்."

அம்மா சிரிக்கவில்லை. கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டு எதையோ துழாவினார். கையை எடுத்தபோது உள்ளங்கையில் இரண்டு கப்பிகளும் கிடந்தன. வெளுத்திருந்தன.

குணவதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"சாமி பால்தானேம்மா," என்றாள். "நல்லது பண்ணும்னுதானே."

அம்மா மீன்களை வாழை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தார்.

*

குணவதி தனக்காக மடத்துக்கு வரவில்லை. முதல் நாளே அதைச் சொல்லியிருந்தாள்.

அவள் மகள் வினோதினிக்கு ஆண் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. தாய் வீட்டுக்கு வந்து படுத்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, கட்டிலருகே உட்கார்ந்துவிட்டுப் போவார். உடம்பில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நான் நல்லா இருக்கணும்னு வரலைம்மா," என்று குணவதி அன்று சொன்னாள். "அவ எழுந்திருக்கணும்."

அம்மா தொட்டியைக் காட்டினார்.

குணவதி அன்றே மனதுக்குள் ஒரு வேண்டுதல் போட்டுக்கொண்டாள். இந்தச் செடி துளிர்த்தால் என் பெண் எழுந்துவிடுவாள். துளிர்க்காவிட்டால் என்ன ஆகும் என்று அவள் நினைக்கவில்லை. நினைக்கப் பயமாக இருந்தது.

*

அம்மா தண்ணீரை முழுக்க இறைத்தார். மணலை அலசினார். கிணற்று நீரை நிரப்பினார். செடியைத் திரும்ப நட்டார்.

"இனிமே ஒண்ணும் போடாதீங்க."

"ஒண்ணுமேவா?"

"காலையில தொட்டி விளக்கைப் போடுங்க. சாயங்காலம் அணைங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அது எப்படிம்மா முடியும்?" என்று கேட்டாள் குணவதி.

அம்மா வாழைத்தண்டு நறுக்கப் போய்விட்டார்.

*

வீட்டில் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சினாள். முருங்கைக்கீரை சூப் வைத்தாள். இரும்புச் சத்து டானிக்கை எடுத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் தட்டில் அடுக்கி மகளின் அறைக்குப் போனாள்.

வினோதினி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"எழுந்திரு கண்ணு. ரெண்டு வாய்."

வினோதினி எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு வாய் குடித்தாள்.

"அம்மா, அன்னைக்கு ஆஸ்பத்திரியில..."

"அதெல்லாம் இப்ப எதுக்கு? வாயைத் திற."

வாயைத் திறந்தாள். கஞ்சி உள்ளே போனது. மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

*

தொட்டித் தண்ணீர் தெளிவாக இருந்தது. செடிதான் தேறவில்லை.

இலைகள் கண்ணாடி போல ஆயின. பிறகு கூழாயின. தொட்டால் கையோடு வந்தன. குணவதி ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். வேர் பிடித்திருக்கிறதா என்று செடியைப் பிடுங்கிப் பார்த்தாள். திரும்ப நட்டாள். மறுநாள் மறுபடி பிடுங்கினாள்.

"தினமும் பாயைச் சுருட்டிட்டு எழுப்பினா யாருக்குத் தூக்கம் வரும்?" என்றார் பாண்டுரங்கன்.

"நீங்க உங்க தொட்டியைப் பாருங்க."

"பார்த்துட்டேன். சலிச்சுப் போச்சு. உங்களுதுதான் தினமும் புதுசா இருக்கு."

அன்று குணவதி அதற்கு மேல் திட்டவில்லை. அதைக் கண்டு பாண்டுரங்கன் எழுந்து வந்தார். தொட்டியைப் பார்த்தார். ஒரு இலைகூட இல்லை.

"அடடா," என்றார் மெதுவாக.

குணவதி செடியைப் பிடுங்கினாள். ஈரம் சொட்டச் சொட்டக் கொல்லைப்புறம் எடுத்துப் போய்க் குப்பைமேட்டில் எறிந்தாள். அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அம்மா வந்து நின்றார்.

"என்ன அக்கா எறிஞ்சீங்க?"

"செத்ததை."

"யார் சொன்னா?"

"கண்ணு இருக்கும்மா எனக்கு. என் பொண்ணு விதி அவ்வளவுதான்."

வேண்டுதலைப் பற்றி அப்போதுதான் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் உடைந்தது.

அம்மா சேலையைச் செருகிக்கொண்டு குப்பைமேட்டில் இறங்கினார். வாழைப்பூ மடல்களையும் சாம்பலையும் விலக்கித் தேடினார். விரல் நீளத்தில் செடியின் தண்டுக் கட்டை கிடைத்தது. அடியில் நாலைந்து வேர்கள். அதைக் கழுவிக் குணவதியின் கையில் வைத்தார்.

"அழுத்திப் பாருங்க."

குணவதி அழுத்தினாள். கெட்டியாக இருந்தது, அழுகவில்லை.

"பின்னே இலையெல்லாம் ஏன் போச்சு?"

"செடி வளர்க்கற பண்ணையில இதைத் தண்ணிக்கு மேலதான் வளர்ப்பாங்க. போனது காத்துல பிறந்த இலை. தண்ணிக்குள்ள அது நிக்காது."

"இதை அன்னைக்கே சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா உரம் போடாம இருந்திருப்பீங்களா?"

குணவதி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்பவாவது கொஞ்சம் போடலாமா? வேருக்குப் பக்கத்துல மணல்ல சொருகற மாத்திரை இருக்காமே. பாண்டுரங்கன் சொன்னாரு."

"வீட்ல எல்லாரும் ஊருக்குப் போயிருக்கையில சோறு வடிச்சு வெச்சா என்ன வரும்?"

"எறும்பு வரும்."

"தண்ணியில பாசி வரும்."

"அப்ப நான் என்னதான் பண்ணட்டும்?"

அம்மா கட்டையை வாங்கிக்கொண்டு கூடத்துக்கு நடந்தார். குணவதி பின்னாலேயே போனாள். அம்மா அதை மணலில் நட்டார். வெறும் மணல், வெறும் தண்ணீர், நடுவே கறுப்பாக ஒரு கட்டை. அம்மா தொட்டியின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பக்கத்துத் தரையைத் தட்டிக் காட்டினார்.

குணவதியும் உட்கார்ந்தாள்.

பார்க்க ஒன்றும் இல்லை. அவள் கை தானாக உரப் புட்டியைத் தேடியது. அம்மா அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

நேரம் போனது.

"புது இலை வரும்தானே அம்மா?"

"வரலாம்."

"வராமலும் போகலாமா?"

"போகலாம்."

குணவதி கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். அம்மா கையை விடவில்லை.

*

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனாள். சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். பிறகு அணைத்தாள்.

வெறுங்கையோடு மகளின் அறைக்குள் போனாள். கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள்.

வினோதினி திரும்பிப் பார்த்தாள். தாயின் கையைப் பார்த்தாள். தட்டு இல்லை. தம்ளர் இல்லை.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல."

வினோதினி திரும்பிக்கொண்டாள்.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. குணவதியின் வாய்க்குள் வார்த்தைகள் முட்டிக்கொண்டு வந்தன. டானிக் குடிச்சியா. தலை வாரட்டுமா. போர்த்திக்கோ. ஒவ்வொன்றாக விழுங்கினாள்.

அறை இருட்டிவிட்டது. விளக்கைப் போடக்கூட அவள் எழுந்திருக்கவில்லை.

"அம்மா."

குணவதி நிமிர்ந்தாள்.

"அவனுக்கு நகமெல்லாம் இருந்துச்சும்மா. கால் விரல்ல கூட."

அதை நினைக்காதே என்று சொல்ல வாய் திறந்தது.

"ம்," என்றாள் குணவதி. "சொல்லு."