முனியப்பன் வளைவில் ஒரு வெள்ளை வெளிச்சம்

“வாத்தியாரம்மா, எதுக்கால வர்றவனுக்கெல்லாம் எம்மேல ஏனுங்க இத்தன பொறாம?”

பட்டறை வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வையாபுரி கேட்டுவிட்டார்.

இந்திராணி தலை நிமிரவில்லை. ஒரு டிராக்டரின் செல்ஃப் மோட்டாரைப் பிரித்துப் போட்டு, துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“யாருங்கண்ணா பொறாமப்பட்டாங்க?”

“எல்லாருந்தான். பஸ்ஸுக்காரன், லாரிக்காரன், நேத்து லைசென்ஸ் எடுத்தவன் வரைக்கும். என்ற வண்டியக் கண்ட ஒடனே ஹைபீம் போட்டு மூஞ்சியில அடிக்கறானுங்க. நான் ஒழுக்கமா டிம்முலதான் போறேன். அப்பவும் அடிக்கறானுங்க.”

“எப்ப இருந்து?”

“எல்ஈடி மாட்டுனதுல இருந்துதான்.”

சொல்லும்போதே அவர் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துகொண்டது.

வையாபுரி அடிவாரத்து வேன் ஸ்டாண்டின் தலைவர். பேப்பர் கட்டு, பூக்கூடை, ஆட்கள் என்று ஏற்றிக்கொண்டு, விடியும் முன்பே மலை ஏறுகிற முதல் வண்டி அவருடையது. வயதில் இந்திராணிக்கு மூத்தவர். ஆனாலும் வயரிங் வேலையை அவரிடம்தான் செவ்வாய்க்கிழமை தோறும் வந்து உட்கார்ந்து கற்றுக்கொண்டார்.

“மீச நரைச்ச பொறவு பள்ளிக்கூடமா?” என்று ஸ்டாண்டில் கேலி செய்தார்கள்.

“வயரு மீசையப் பாத்தாடா கரண்டு விடுது?” என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். கற்றுக்கொள்கிற விஷயத்தில் மட்டும் அந்த மனிதருக்குக் கர்வம் கிடையாது. மிச்சம் எல்லாவற்றிலும் உண்டு.

வேனில் இருந்த ஹாலஜன் பல்பு இரண்டையும் கழற்றிவிட்டு, டவுனில் வாங்கி வந்த எல்ஈடியைத் தன் கையாலேயே மாட்டியிருந்தார். யாரிடமும் கேட்கவில்லை.

“எலுமிச்சம்பழம் கட்டுனனுங்க. பச்சமொளகா கோத்தேன். கறுப்புக் கயிறுங்கூடக் கட்டியாச்சு. ஒரு பயலோட பொறாமையும் அடங்குன பாடில்ல.”

“லைட்டுக் கண்ணாடி நடுவால ஒரு கறுப்புப் பொட்டு ஒட்டியிருந்துச்சே?”

“அதச் சொரண்டி எடுத்துட்டனுங்க. வெளிச்சத்த மறைக்குது.”

“உள்ள வெளிச்சத்தத் திருப்பி விடற கிண்ணம் எந்த பல்புக்குச் செஞ்சதுங்கண்ணா?”

“பழைய பல்புக்குத்தான். கிண்ணம் எதா இருந்தா என்னங்க அம்மிணி? சோறு சோறுதான், வெளிச்சம் வெளிச்சந்தான்.”

இந்திராணி மோட்டாரைக் கீழே வைத்தார். அப்போதுதான் அவரை முழுதாகப் பார்த்தார்.

“தோள்ல என்ன புதுத்துண்டு?”

இந்தக் கேள்விக்காகத்தான் வையாபுரி வந்ததிலிருந்து காத்திருந்தார். துண்டை ஒரு முறை உதறி, சரிகைக் கரை வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டார்.

“ஸ்டாண்டுல எல்லாரும் கூடிப் போத்துனாங்க. பால்காரன் செங்கோடனக் காப்பாத்துனதுக்கு.”

“சொல்லுங்க.”

“வெடியால மலை ஏறறனுங்க. முனியப்பன் வளைவு. லைட்டு அப்பிடியே பகல் மாதிரி அடிக்குது. பாத்தா, ஓடைக்குள்ள ஆள் கெடக்கறான். மேல மொபெட்டு, பக்கத்துல பால் கேனு. ரோடெல்லாம் பாலு. பழைய மஞ்ச பல்பா இருந்திருந்தா அவனப் பாத்திருக்கவே மாட்டனுங்க. தூக்கி வண்டியில போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தேன். கால் ஒடஞ்சுபோச்சு. உசுரு தப்பிச்சுது.”

“அவன் என்ன சொன்னான்?”

“அதக் கேளுங்க! பாதி மயக்கத்துல கெடக்கறான். அப்பவும் என்ற லைட்டத்தான் சொல்றான். ‘என்னா வெளிச்சம், என்னா வெளிச்சம்’னு அதையே திருப்பித் திருப்பி.”

வையாபுரியின் கண் கலங்கியது. உண்மையிலேயே நல்ல மனிதர். ஆஸ்பத்திரி வாசலிலேயே காத்திருந்து, கட்டுப் போட்டு முடிந்த பிறகுதான் அன்றைக்கு வீட்டுக்குப் போனார். அந்தச் சந்தோஷம் அவருக்கு இன்னும் தீரவில்லை.

“அதனால ஒரு முடிவு எடுத்திருக்கறமுங்க. ஸ்டாண்டுல இருக்கற அத்தன வண்டிக்கும் இதே லைட்டு. டப்பா வந்து எறங்கிருச்சு. நீங்க நாளைக்கு வந்து, மொத வண்டிக்குக் கை வெச்சு ஆரம்பிச்சுக் குடுக்கோணும். குருவோட கையில்லாம எப்பிடிங்க?”

இந்திராணி கையைத் துடைத்துக்கொண்டார்.

“வர்றனுங்கண்ணா. அதுக்கு முன்னால எனக்கு ஒரு வேல செஞ்சு தாங்க.”

பட்டறை மூலையில் ஒரு மொபெட் நின்றது. ஹேண்டில் பாரை நிமிர்த்தி, உடைந்த மிதியை மாற்றியிருந்தது. இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கியது.

“செங்கோடனோடதா?”

“ஆஸ்பத்திரியில இருந்து அவன் எந்திரிச்சு வர்றப்ப வண்டி தயாரா இருக்கோணுமில்ல? பாரத்தோட ஓட்டிப் பாக்கோணும். கேன்ல தண்ணி ரொப்பிக்கங்க. மேல கோயில் வரைக்கும் ஏறிட்டு, திரும்பி எறங்கி வாங்க.”

“எப்பங்க?”

“நாளைக்கு வெடியால. அவன் எறங்கற அதே நேரத்துக்கு.”

“என்ற ட்ரிப்பு?”

“ஒரு நாளைக்கு வேற வண்டிக்கு விட்டுக் குடுங்க. வேன நான் ஏத்திட்டு வர்றேன்.”

அந்த வேன் சாவியை வையாபுரி சொந்த மாப்பிள்ளைக்கே கொடுத்ததில்லை. மாப்பிள்ளை கேட்டு, அதில் ஒரு தீபாவளியே கசந்துபோயிருந்தது. இப்போது அதை எடுத்து இந்திராணியின் கையில் வைத்தார். குரு என்று சொல்லிவிட்டால் சொன்னதுதான்.

“ஹெல்மெட்டு போட்டுக்கங்க. மெதுவா எறங்குங்க. ரெண்டு கையும் பிரேக்குல இருக்கட்டும்.”

“எனக்கேவா சொல்றீங்க?” என்று வையாபுரி சிரித்தார்.

*

மறுநாள் இருட்டோடு வையாபுரி கிளம்பினார். துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டார். மலை குளிரும், அதற்காகத்தான் என்று சொல்லிக்கொண்டார்.

மொபெட்டின் லைட்டைப் போட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அகல் விளக்குக்கு அண்ணன் என்று சொல்லலாம், அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஒருத்தன் தினமும் மலை இறங்குகிறானா? கால் உடையாமல் என்ன செய்யும்?

“கால் நல்லாகி வரட்டும். அவனுக்கும் ஒரு எல்ஈடி வாங்கிக் குடுத்தரலாம்” என்று முடிவு செய்துகொண்டார். மனசு நிறைந்திருந்தது.

இரண்டு வளைவு ஏறுவதற்குள் கண் பழகிவிட்டது. ரோட்டோரத்துச் சுண்ணாம்புக் கல் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஓடையின் விளிம்பு தெரிந்தது. ஒரு முயல் குறுக்கே ஓடி நின்று, அவரைப் பார்த்துவிட்டுப் புதருக்குள் போனது. வேனில் போகிற நாளில் அவர் முயல் பார்த்ததே இல்லை. அட, இதுவே போதும் போலிருக்கிறதே என்று தோன்றியது. அந்த நினைப்பை அவர் வளரவிடவில்லை.

முனியப்பன் கோயிலில் நிறுத்தினார். மலை ஏறும் டிரைவர் யாரும் அங்கே சூடம் ஏற்றாமல் போவதில்லை. வையாபுரியும் ஏற்றினார். போகிற வண்டி, வருகிற வண்டி எல்லாவற்றையும் காப்பாற்று என்று வாய்விட்டே கேட்டார். பிறகு வண்டியைத் திருப்பினார்.

இறக்கம். கேனில் தண்ணீர் தளும்பியது. அவர் இரண்டு கையையும் பிரேக்கிலேயே வைத்திருந்தார்.

முதலில் கீழே மரங்களின் தலை வெளுத்தது. மலை ஏறுகிற வண்டியின் மூக்கு மேலே பார்க்கும், வெளிச்சமும் மேலேதான் போகும். வையாபுரிக்கு உடம்பு சிலிர்த்தது.

“அடேங்கப்பா! எங்க இருந்தாலும் தெரியுது பாரு. அதான் வையாபுரி வண்டி!”

வளைவு திரும்பினார்.

ரோடு போய்விட்டது.

ரோடு இருந்த இடத்தில் வெள்ளை இருந்தது. சுண்ணாம்புக் கல் இல்லை. ஓடை இல்லை. மொபெட்டின் மஞ்சள் விளக்கு எரிகிறதா அணைந்ததா என்றுகூடத் தெரியவில்லை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். எந்தப் பக்கம் எது? இத்தனை வருஷம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்று பேசிய ரோடு. இப்போது கண் திறந்துதான் இருந்தது. ஒன்றும் தெரியவில்லை.

வையாபுரி பயந்துவிட்டார்.

“டிம் போடுறா! டேய்! கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? டிம் போடு!”

அவருடைய கட்டைவிரல் தானாகவே போய் ஹைபீம் சுவிட்சைத் தட்டியது. மறுபடியும் தட்டியது. அந்த அகல் விளக்கை வைத்துக்கொண்டு, வருகிறவன் மூஞ்சியில் அடி அடி என்று அடித்தார்.

அடித்துக்கொண்டிருக்கும்போதே விரல் நின்றது.

அதற்குள் ஒரு கை பிரேக்கை விட்டிருந்தது. தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, வண்டியும் சாய்ந்தது. மலைப் பக்கத்து ஓடைக்குள், சருகும் சேறுமாக இருந்த இடத்தில், ஸ்டாண்டுத் தலைவர் மெதுவாகப் போய் உட்கார்ந்தார். கேன் திறந்து தண்ணீர் எல்லாம் அவர் மடியில் கொட்டியது.

பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருந்தால்?

வேன் மேலே வரவில்லை. வளைவுக்குக் கீழே, ரோடு அகலமாக இருக்கிற இடத்தில், அவர் ஏறிப் போன பிறகு வந்து, அது நின்றுகொண்டுதான் இருந்தது.

இந்திராணி நடந்து வந்தார். மொபெட்டை முதலில் தூக்கி ஓரமாக நிறுத்தினார். பிறகு ஓடை விளிம்பில் நின்றார்.

“அம்மிணி, டிம்மாவது போடக் கூடாதுங்களா?”

“டிம்முலதானுங்கண்ணா நிக்குது.”

வையாபுரி கண்ணைச் சுருக்கி வேனைப் பார்த்தார்.

வெளிச்சம் அவர்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. சேற்றில் கிடந்த ஒவ்வொரு சருகும் தெரிந்தது. துண்டின் சரிகைக் கரைகூடப் பளபளத்தது. போன வாரம் இதே ஓடையில் இதே வெளிச்சத்தில் வேறொருவன் கிடந்தான். அவன் பக்கத்தில் வேன் டிரைவர் ஒருவர் ஓடி வந்து நின்றார். அந்த டிரைவரின் முகத்தில் எவ்வளவு பெருமை இருந்திருக்கும் என்று வையாபுரிக்கு நன்றாகத் தெரியும்.

இந்திராணி குனிந்து கையை நீட்டினார்.

“நல்ல வேளைங்கண்ணா, எல்ஈடி இருந்துச்சு. பழைய மஞ்ச பல்பா இருந்தா, நீங்க இங்க கெடக்கறத எப்பிடிப் பாத்திருப்பேன்?”

வையாபுரி அந்தக் கையைப் பிடிக்கவில்லை. உட்கார்ந்தபடியே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, ஈரத்தைத் துடைத்து, ஸ்டாண்டுக்குப் போட்டார்.

“டேய், அந்த டப்பாவ ஒருத்தனும் பிரிக்காதீங்க. ஆமா. நாந்தான் சொல்றேன். கடைக்கே திரும்பிப் போகட்டும்.”

போனை வைத்தார். கழுத்திலிருந்த துண்டை எடுத்தார். அதைத் தோளில் போட அவருக்கு மனசு வரவில்லை. நாலாக மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்தார்.

“அம்மிணி, வேன ஆஸ்பத்திரிக்கு விடுங்க.”

“அடி பலமாப் பட்டுருச்சுங்களாண்ணா?”

“எனக்கில்லீங்க.”