நூற்றிருபது செக்கன்

கதை முடிந்ததும் உங்களிடம் ஒரு தீர்ப்புக் கேட்பேன். நடந்தது இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அதற்கான வழக்கு இன்னும் முடியவில்லை.

கனடாவில், ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டத்தில், காட்டை ஒட்டி ஒரு சிறிய துப்பாக்கிச் சுடும் கழகம் இருக்கிறது. உலகப் போரில் படையினர் தூக்கிய பழைய ரைபிள்களை வைத்திருப்பவர்கள் ஞாயிறு காலைகளில் அங்கே கூடி, நூறு மீற்றருக்கு அப்பாலுள்ள இலக்கைச் சுடுவார்கள். அந்த ரைபிள்களுக்குத் தோட்டா கிடைப்பது அரிது. அதனால் சுட்ட பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி, மருந்தும் குண்டும் அடைத்துத் திரும்பவும் பயன்படுத்துவார்கள்.

அந்த வேலையில் பெயர் எடுத்தவர் பரஞ்சோதி, ஓய்வுபெற்ற பஸ் சாரதி. அவர் அடைத்த தோட்டாவை யாரும் சந்தேகித்ததில்லை. அந்த வசந்தத்தில் அவருக்கு ஒரு பெட்டி பழைய பிரைமர் கிடைத்தது. பிரைமர் என்பது தோட்டாவின் அடியில் பொருத்தும் சிறு மூடி. விசையை இழுத்ததும் முதலில் பற்றி மருந்துக்குத் தீ கொடுப்பது அதுதான். பெட்டியில் ஈரம் ஏறிய தடம் இருந்தது. அவற்றைப் பொருத்தி அடைத்த சில தோட்டாக்களைத் தனியாகச் சுட்டுப் பார்த்தபோது, இரண்டு மட்டும் விசையை இழுத்துச் சற்றுப் பிந்தியே வெடித்தன. மற்றவை சரியாகத்தானே வெடித்தன என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டார். அடுத்த ஞாயிறு போட்டிக்கு அதே பிரைமர் வைத்த இருபது தோட்டாக்களை நண்பர் தவராசாவிடம் கொடுத்தார். எல்லாம் சரிதானே என்று தவராசா கேட்டபோது, ஓம் என்று தலையாட்டினார்.

அன்று சுடுகளத்துக்குப் பொறுப்பு வதனி. அவர் சிவப்புக் கொடியை இறக்கும்வரை, பாய் விரித்துப் படுத்துச் சுடும் கோட்டை ஒருவரும் தாண்ட முடியாது. அவருடைய கணவர் கேதீசன் இலக்குகளுக்குக் கீழேயுள்ள கொங்கிறீற் குழிக்குள் தனியாக இருந்தார். இலக்குகளை ஏற்றி இறக்குவது அவர் வேலை. ஊரில் போர்க்காலத்தில் பங்கருக்குள் கிடந்தது போதாதென்று இங்கேயும் வந்து கிடக்கிறேன் என்று காலையில் சிரித்துக்கொண்டுதான் இறங்கினார். குழிக்குப் போக, சுடுகளத்தின் நடுவால் ஒரே பாதை, இருபுறமும் பாறை.

தவராசா ஒன்பதாவது தோட்டாவுக்கு விசையை இழுத்தார். 'டிக்' என்ற சத்தம் மட்டுமே வந்தது.

இப்படி நேர்ந்தால் நூற்றிருபது செக்கன், அதாவது இரண்டு நிமிடம், காத்திருக்க வேண்டும் என்பது விதி. ரைபிள் இலக்கையே பார்த்திருக்க வேண்டும். கீழே சாய்த்தால் குண்டு சரளைக்கல்லில் பட்டுத் தெறிக்கலாம், மேலே தூக்கினால் காட்டைத் தாண்டிப் போகலாம். தோட்டாவை வெளியே எடுக்கும் போல்ட்டைத் திறக்கவும் கூடாது. திறக்கும் கணத்தில் தோட்டா வெடித்தால் கோது கிழிந்து சுடுபவரின் முகத்துக்கே வரும். மற்றவர்கள் ரைபிள்களைக் கீழே வைத்துப் பின்வாங்கினார்கள். தவராசா மட்டும் வைக்கவும் முடியாமல் எழும்பவும் முடியாமல், ஆணி அடித்ததுபோலக் கிடந்தார்.

இருபதாவது செக்கனில் வதனியின் வோக்கி-டோக்கி கரகரத்தது. குழிக்குள்ளிருந்து கேதீசனின் குரல்.

"வதனி, நெஞ்சை இறுக்குது. ஏலாமல் கிடக்கு."

ஒருவர் அம்புலன்சுக்கு அழைத்தார். இன்னொருவர் கழக அறையிலிருந்து, நின்ற இதயத்தை மின்னதிர்ச்சியால் இயக்கும் பெட்டியைக் கொண்டுவந்து வதனியின் காலடியில் வைத்தார். கொடி இறங்கவில்லை.

தவராசா தலையைத் திருப்பாமலே கேட்டார். "திறக்கட்டோ?"

"வேண்டாம்" என்றார் வதனி. பிறகு வோக்கியை வாயருகே வைத்துக்கொண்டார். "இஞ்சேருங்கோ, இன்னும் தொண்ணூறு இருக்கு. நான் எண்ணுறன். நீங்கள் மூச்சை மட்டும் விடுங்கோ."

எண்பதுவரை கேதீசனின் முனகல் கேட்டது. எழுபதில் ஒன்றும் இல்லை. வதனி பெயர் சொல்லி அழைத்துப் பார்த்தார். பதில் வராத வோக்கிக்குள் தொடர்ந்து எண்ணினார்.

அந்தப் பிரைமர்கள் பிந்தி வெடிக்கும் என்பது அங்கே பரஞ்சோதி ஒருவருக்குத்தான் தெரியும். அவர் குழியை நோக்கி ஓடத் தொடங்கினார். அண்ணை நில்லுங்கோ என்று வதனி கத்தியும் நிற்கவில்லை. அவருடைய முதுகு இப்போது தவராசாவின் ரைபிளுக்கு நேர் முன்னே இருந்தது. தவராசா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு போல்ட்டை இழுத்தார். தோட்டா வெளியே விழுந்து, வெடிக்காமல் பாயில் கிடந்தது.

வதனி குனிந்து, ரைபிள் வெறுமையாக இருப்பதைக் கண்ணால் பார்த்தார். அதன் பிறகே கொடியைப் போட்டுவிட்டுப் பெட்டியோடு ஓடினார். அவர் போய்ச் சேர்ந்தபோது, மூச்சில்லாமல் கிடந்த கேதீசனின் நெஞ்சைப் பரஞ்சோதி அழுத்திக்கொண்டிருந்தார். பெட்டி இரண்டாம் முறை அதிர்ச்சி கொடுத்தபோது இதயம் துடித்தது.

கேதீசன் பிழைத்தார். ஆஸ்பத்திரி வாசலில் பரஞ்சோதி பிரைமர் விஷயத்தை எல்லோர் முன்னும் சொல்லி அழுதார். தவராசா அவர் தோளில் கை வைத்தார். சொந்தப் புருஷன் சாகக் கிடக்கக் கொடி பிடித்தவள் என்று வதனியைப் பற்றிச் சனம் பேசியது.

இப்போது சொல்லுங்கள். காத்திருந்த வதனி, ஓடிய பரஞ்சோதி, திறந்த தவராசா. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: வதனி செய்ததே சரி. "திறவுங்கோ" என்ற ஒரு சொல்லில் அவருக்குக் கணவரிடம் போக வழி கிடைத்திருக்கும். தவராசா அதைக் கேட்டும் விட்டார். தன் கணவரின் உயிருக்காக இன்னொருவர் முகத்தைப் பணயம் வைக்க வதனி சம்மதிக்கவில்லை. பரஞ்சோதி ஓடியதால்தான் கேதீசன் பிழைத்தார் என்பது உண்மை. ஆனால் தன் குற்றத்துக்கு ஈடாகத் தன் முதுகைக் கொடுப்பதாக நினைத்து, தவராசாவின் முகத்தையும் சேர்த்தே கொடுத்துவிட்டார். தவராசா செய்தது பெரிய காரியம். ஆனால் அப்படிச் செய் என்று யாரும் யாரிடமும் கேட்க முடியாது. கேதீசனிடம் கேட்டால், எழுபதுவரை அவள் குரல் கேட்டது என்று மட்டும் சொல்வார். இப்போதும் அவர் குழிக்குள் இறங்குகிறார், வதனி கொடி பிடிக்கும் நாட்களில் மட்டும்.